மாட்டு டாக்டர் படிப்பு: ஊருக்கு ஒரு காலேஜ் திறப்பது அவ்வளவு ஈஸியா? பி.வி.எஸ்சி. பட்டம் 'செல்லுபடி' ஆவது எப்படி?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம் ஊருக்குப் போயிருந்தேன். வடசேரி சந்தைக்குப் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, தெரிந்த பெரியப்பா ஒருவர் பிடித்துக்கொண்டார். பேத்தி பயாலஜியில் நல்ல மார்க். மாட்டு டாக்டருக்குப் படிக்கணும்னு ஒரே பிடியாம். "ஏம் மக்கா, நம்ம நாகர்கோவில்ல இவ்வளவு காலேஜ் இருக்கு. பி.சி.ஏ. தொடங்குதாங்க, பி.காம். தொடங்குதாங்க. இந்த வெட்னரி கோர்ஸை மட்டும் ஏன் தொடங்க மாட்டேங்கான்?"

சின்னக் கேள்விதான். பதில் கொஞ்சம் பெரியது. தமிழ்நாட்டில் புதிய கால்நடை மருத்துவக் கல்லூரி பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் ஏதாவது ஒரு ஊரில் இதே கேள்வி எழும். அதனால் விரிவாகவே பார்த்துவிடலாம்.

தமிழ்நாட்டில் இப்போது எத்தனை கல்லூரிகள்?

மொத்தம் ஏழு. சென்னை வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி ராமையன்பட்டி, தஞ்சாவூர் மாவட்டம் ஒரத்தநாடு, சேலம் மாவட்டம் தலைவாசல், உடுமலைப்பேட்டை, தேனி. ஏழும் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரிகள். 'தனுவாஸ்' என்று செய்திகளில் அடிபடுவது இந்தப் பல்கலைக்கழகம்தான். தலைமையிடம் சென்னை மாதவரம் பால்பண்ணை.

2024-25 சேர்க்கையில் பி.வி.எஸ்சி. அண்டு ஏ.ஹெச். படிப்புக்கு இருந்த இடங்கள் 660. உணவுத் தொழில்நுட்பம், கோழியினத் தொழில்நுட்பம், பால்வளத் தொழில்நுட்பம் ஆகிய பி.டெக். படிப்புகளுக்குத் தனியாக 100 இடங்கள். அந்த பி.டெக். முடித்தவர் மாட்டுக்கு ஊசி போடும் டாக்டர் ஆக முடியாது. அது வேறு படிப்பு. விண்ணப்பிக்கும்போதே பலர் குழம்பும் இடம் இதுதான்.

குமரி மாவட்டத்துக்குப் பக்கத்துக் கல்லூரி ராமையன்பட்டி. நாகர்கோவிலில் இருந்து சுமார் 80 கி.மீ. தாண்டி, சங்கரன்கோவில் சாலையில் இருக்கிறது.

82 வருஷம் ஒரே ஒரு கல்லூரி!

கதை 1903-ல் தொடங்குகிறது. அந்த ஆண்டு அக்டோபர் 1-ம் தேதி, சென்னை சைதாப்பேட்டையில் 'டாபின் ஹால்' என்ற கட்டடத்தில் 20 மாணவர்களோடு சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி ஆரம்பமானது. பிறகு வேப்பேரிக்கு இடம் மாறியது. அங்கே இன்றைக்கும் நிற்கும் சிவப்புக் கட்டடத்தைப் பலர் பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள்.

ஆரம்பத்தில் அங்கே கொடுத்தது பட்டம் இல்லை, டிப்ளமோ. 1930-களின் நடுவில் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த பிறகுதான் பி.வி.எஸ்சி. பட்டப்படிப்பு வந்தது. இந்தியாவிலேயே கால்நடை மருத்துவத்துக்குப் பல்கலைக்கழகப் பட்டம் வழங்கிய முதல் கல்லூரி இதுதான்.

இங்கே கொஞ்சம் கவனியுங்கள். நம்ம பெரியப்பா கேட்டதுபோல, கலை, அறிவியல், வணிகம் எல்லாம் நடத்தும் ஒரு பொதுப் பல்கலைக்கழகம்தான் அன்றைக்கு மாட்டு டாக்டருக்கும் பட்டம் கொடுத்தது. 1970-களில் கல்லூரி வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் போனது. 1989 செப்டம்பர் 20-ல் கால்நடைக்கென்றே தனிப் பல்கலைக்கழகம் உருவானது. இந்தியாவில் இந்த வகையில் அதுவே முதல். அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் இந்தப் படிப்பு முழுவதும் அதன் குடைக்குள் வந்துவிட்டது. நாகர்கோவில் கலைக் கல்லூரிகள் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. அங்கே பி.காம். தொடங்குகிற மாதிரி பி.வி.எஸ்சி. தொடங்க முடியாததற்கு முதல் காரணம் இது.

அப்படியென்றால் பொதுப் பல்கலைக்கழகம் நடத்தவே கூடாதா? அப்படியும் இல்லை. பக்கத்தில் புதுச்சேரியைப் பாருங்கள். குரும்பாபேட்டில் 1994-ல் தொடங்கிய ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி, புதுவைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. அங்கே படித்தவர்களும் டாக்டர்கள்தான். ஆக, பட்டத்தில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கிறது என்பதில் பெரிய சிக்கல் இல்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அதற்கு அப்புறம் வருவோம்.

தமிழ்நாட்டின் இரண்டாவது கல்லூரி நாமக்கல்லில் 1985-ல் வந்தது. கணக்குப் போட்டால் 82 வருஷம் முழு மாநிலத்துக்கும் ஒரே கல்லூரி. அடுத்து 27 வருஷ இடைவெளி. 2012-ல் திருநெல்வேலியும் ஒரத்தநாடும் சேர்ந்தே வந்தன. 2020-ல் தலைவாசல், உடுமலைப்பேட்டை, தேனி என்று ஒரே ஆண்டில் மூன்று. இதில் தலைவாசல் கொஞ்சம் தனி ரகம். ஆயிரம் ஏக்கருக்கும் மேல் நிலம், ரூ.1,000 கோடிக்கும் மேல் திட்டம், கல்லூரியோடு சேர்த்து ஆராய்ச்சிப் பண்ணை. 2020 பிப்ரவரியில் அடிக்கல், 2021 பிப்ரவரியில் திறப்பு.

சரி, ஒரு கல்லூரிக்கு என்னென்ன வேணும்?

கட்டடம், பெஞ்ச், லேப் என்று யோசித்தால் தப்பு. பி.வி.எஸ்சி. படிப்புக்கான குறைந்தபட்சத் தரம் என்ன என்பதை இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் விதிகளாகவே எழுதி வைத்திருக்கிறது. இப்போதைய விதிகள் 2016-ல் வந்தவை. அதன்படி படிப்புக் காலம் ஐந்தரை ஆண்டு. நாலரை ஆண்டு பாடம், ஒரு ஆண்டு உள்ளிருப்புப் பயிற்சி.

உடற்கூறியல், உடலியங்கியல், நோய்க்குறியியல், நுண்ணுயிரியல், ஒட்டுண்ணியியல், அறுவை சிகிச்சை, மகப்பேறு, தீவனம், இனவிருத்தி என்று துறைகளின் வரிசை நீளமானது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆசிரியர்கள் வேண்டும். கூடவே இரண்டு விஷயங்கள் கட்டாயம். ஒன்று, கால்நடைப் பண்ணை. மாடு, எருமை, ஆடு, பன்றி, கோழி எல்லாம் உயிரோடு அங்கே இருக்க வேண்டும். இன்னொன்று, நிஜமான நோயாளிகள் வந்துபோகும் மருத்துவமனை.

இந்த இரண்டாவது விஷயத்தில்தான் எல்லாம் இருக்கிறது. ஏன் என்று ஒரு உதாரணம் சொல்கிறேன்.

மாடு சினையாக இருக்கிறதா என்று பார்ப்பது கிராமத்து டாக்டரின் தினசரி வேலை. தோள்பட்டை வரை கையுறை மாட்டி, மலக்குடல் வழியாகக் கையை விட்டு, குடல் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் கருப்பையை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. விரல் நுனிதான் கண். சினை இல்லாத கருப்பை எப்படி இருக்கும், இரண்டு மாதச் சினை எப்படி இருக்கும், சீழ் பிடித்த கருப்பை எப்படி இருக்கும் என்பதைப் புத்தகத்தில் எத்தனை படம் போட்டாலும் சொல்லித்தர முடியாது. பல மாடுகளைத் தொட்டுத்தான் பழக வேண்டும்.

இப்போது ஒரு வகுப்பில் 80 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பண்ணையில் 20 மாடுதான் இருக்கிறது. ஒரு மாட்டுக்கு நாலு பேர். ஒரே மாட்டை ஒரே நாளில் நாலு பேர் கையை விட்டுப் பார்த்தால் அந்த மாட்டின் கதி? அதைச் செய்யவும் கூடாது. அப்போ பாதிப் பிள்ளைகள் பக்கத்தில் நின்று வேடிக்கைதான் பார்க்க முடியும். கன்று குறுக்காகத் திரும்பி ஈன முடியாமல் தவிக்கும் மாடு, மடிவீக்கத்தில் பால் கெட்டுப்போன மாடு, கண்டதைத் தின்று வயிறு உப்பிய ஆடு... இவை எல்லாம் டைம்டேபிள் பார்த்து வராது. ஆஸ்பத்திரிக்குத் தினமும் கேஸ் வந்தால்தான் ஐந்தரை வருஷத்தில் ஒருவர் எல்லாவற்றையும் ஒரு தடவையாவது பார்த்திருப்பார்.

அதனால்தான் கல்லூரி எந்த ஊரில் இருக்கிறது என்பதே பாடத்தின் ஒரு பகுதி ஆகிவிடுகிறது. நாமக்கல்லைச் சுற்றிக் கோழிப் பண்ணைகள். அங்கே படிப்பவருக்குக் கோழி நோய் கைவந்த கலை. வேப்பேரி ஆஸ்பத்திரியில் நகரத்து நாய், பூனை கூட்டம் அதிகம். எந்த ஊரில் கல்லூரி வந்தாலும், அந்த ஊரின் கால்நடை அந்த மாணவர்களுக்குப் பாடப் புத்தகம்.

ஆசிரியர்கள் எங்கிருந்து வருவார்கள்?

பெரிதாகப் பேசப்படாத விஷயம் இது. ஆசிரியர் ஆக முதுநிலைப் பட்டம் தேவை. பி.வி.எஸ்சி. ஐந்தரை வருஷம், எம்.வி.எஸ்சி. இரண்டு வருஷம். ஆக இன்றைக்குச் சேரும் ஒரு மாணவி, கரும்பலகை முன்னால் நிற்கக் குறைந்தது ஏழரை வருஷம் ஆகும். கட்டடத்தை ஒரு வருஷத்தில் கட்டிவிடலாம். ஆளை அப்படி உருவாக்க முடியாது.

ஒரே ஆண்டில் பல கல்லூரிகள் வரும்போது, ஏற்கனவே இருக்கும் கல்லூரிகளில் இருந்துதான் ஆசிரியர்களைப் பிரித்து அனுப்ப வேண்டியிருக்கும். புதுக் கல்லூரிக்கு ஆள் கிடைக்கும், பழைய கல்லூரியில் நாற்காலி காலியாகும். என் கருத்தைக் கேட்டால், எந்த ஊரில் புதுக் கல்லூரி அறிவித்தாலும் முதலில் கேட்க வேண்டியது 'எத்தனை கோடி?' இல்லை, 'எத்தனை ஆசிரியர் பணியிடம்?' என்பதுதான்.

பட்டம் 'செல்லுபடி' ஆவது எப்படி?

இப்போது அந்தச் சிக்கலுக்கு வருவோம். பெற்றோர் கண்டிப்பாகத் தெரிந்துகொள்ள வேண்டிய பகுதி இது.

1984-ம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. பெயர் 'முதல் அட்டவணை'. எந்தப் பல்கலைக்கழகம் வழங்கும், எந்தப் பட்டம் அங்கீகரிக்கப்பட்டது என்பது அதில் இருக்கும். கவுன்சிலின் கருத்தைக் கேட்டு மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டால்தான் ஒரு பட்டம் அதில் ஏறும்.

அட்டவணையில் பட்டம் இருந்தால் மாநிலக் கால்நடை மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்யலாம். பதிவு இருந்தால்தான் வைத்தியம் பார்க்கலாம், சான்றிதழில் கையெழுத்துப் போடலாம், அரசின் கால்நடை உதவி மருத்துவர் வேலைக்கு விண்ணப்பிக்கலாம். இதே சட்டத்தின் 30-வது பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. பதிவு இல்லாதவர்கள், மாநில அரசு அனுமதித்த சிறு சிகிச்சைகளை மட்டும், அதுவும் பதிவு பெற்ற டாக்டரின் மேற்பார்வையில் செய்யலாம்.

ஆக, கல்லூரிக்கு ரிப்பன் வெட்டிய தேதி வேறு, பட்டத்துக்கு உயிர் வரும் தேதி வேறு. இடையில் பல படிகள். மாநில அரசு முடிவெடுத்து நிலமும் பணமும் ஒதுக்க வேண்டும். பிறகு முதல்கட்ட ஒப்புதல். கட்டடம், பண்ணை, ஆஸ்பத்திரி, ஆசிரியர் எல்லாம் இருக்கிறதா என்று கவுன்சில் குழு நேரில் வந்து பார்க்கும். திருப்தி என்றால் மாணவர்களைச் சேர்க்க அனுமதிக் கடிதம். அதற்குப் பிறகும் ஆய்வு தொடரும். முதல் பேட்ச் கடைசி வருஷத்தை எட்டும்போது, பட்டத்தை அங்கீகரிக்கலாமா என்ற இறுதி ஆய்வு.

இதில் எங்கே தாமதம் ஆனாலும் அடி விழுவது முதல் பேட்ச் மாணவர்களுக்குத்தான். ஐந்தரை வருஷம் படித்து முடித்து, கையில் பட்டத்தோடு, 'இன்னும் பதிவு வரலையே' என்று உட்கார்ந்திருக்கும் நிலை யாருக்கும் வரக் கூடாது. அரசியல்வாதிக்கு அறிவிப்பு ஒரு நாள் செய்தி. அந்தப் பிள்ளைக்கு அது வாழ்க்கை.

குமரிக்கு இந்தப் படிப்பு தேவையா?

தேவையைப் பொறுத்தவரை தமிழ்நாடு முழுவதற்குமான கணக்கை முதலில் பார்ப்போம். 2019-ல் எடுத்த 20-வது கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாடுகள் 95 லட்சம், எருமைகள் 5 லட்சம், வெள்ளாடுகள் 98 லட்சத்துக்கும் மேல், செம்மறி ஆடுகள் 45 லட்சம். கோழி உள்ளிட்ட பறவைகள் 12 கோடி, இந்தியாவிலேயே முதலிடம்.

5,000 கால்நடை அலகுக்கு ஒரு டாக்டர் வேண்டும் என்று 1976-லேயே தேசிய வேளாண் ஆணையம் சொன்னது. மாடு, எருமையை மட்டும் எடுத்தாலும் சுமார் ஒரு கோடி. அதற்கே 2,000 டாக்டர்கள். ஆடு, கோழி, வீட்டு நாய், காட்டு யானை எல்லாம் இந்தக் கணக்குக்கு வெளியே.

நாஞ்சில் நாட்டு நிலைமை கொஞ்சம் வேறு மாதிரி. 1,672 சதுர கி.மீ. பரப்புள்ள சின்ன மாவட்டம். வீட்டுக்கு வீடு இடைவெளி இல்லாத நெருக்கம். 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீதத்தோடு படிப்பறிவில் மாநிலத்திலேயே முதலிடம். படிக்கப் பிள்ளைகள் கிடைப்பதில் பஞ்சமே இல்லை. பண்ணைக்கு நிலம் கிடைப்பதில்தான் பஞ்சம். வயல், தென்னை, ரப்பர், மலை, கடல் போக மிச்சம் எங்கே?

ஆனால் கேஸ் இருக்கும். கும்பப்பூ அறுவடை முடிந்தால் வயலில் இறங்கும் வாத்துக் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மேற்கே ரப்பர் தோட்டப் பக்கம் ஆடும் பன்றியும் வளர்க்கிறார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளா. அங்கே பறவைக் காய்ச்சல் என்று செய்தி வந்தால், களியக்காவிளை சோதனைச் சாவடியில் லாரிகளுக்கு மருந்து அடிக்கும் காட்சி டி.வி.யில் ஓடும். பறவைக் காய்ச்சல்தானா என்று உறுதி செய்ய மாதிரிகள் மத்தியப் பிரதேசம் போபாலில் இருக்கும் தேசிய ஆய்வகத்துக்குப் போகின்றன. எல்லை மாவட்டத்தில் நோயை முதலில் கண்ணால் பார்த்துச் சந்தேகப்படும் டாக்டர் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறார் என்பது சின்ன விஷயம் இல்லை.

என் ஆச்சி வீட்டில் ஒரு பசு இருந்தது. ஒரு மழை நாள் ராத்திரி ஈன முடியாமல் படுத்துவிட்டது. மாமா பைக் எடுத்து அலைந்தார். 'டாக்டர் காலையிலதான் வருவாராம்' என்ற பதிலோடு திரும்பி வந்தார். காலையில் டாக்டர் வந்தார், பசு இல்லை. யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. ஒரு டாக்டர் எத்தனை ஊருக்கு ஓடுவார்? இப்போது 1962-க்கு போன் செய்தால் நடமாடும் மருத்துவ வாகனம் வரும் வசதி இருக்கிறது. அன்றைக்கு அது இல்லை.

கல்லூரி வந்தால் அதோடு பெரிய ஆஸ்பத்திரியும் வரும் என்பதுதான் ஒரு மாவட்டத்துக்குக் கிடைக்கும் உண்மையான லாபம். எக்ஸ்ரே, ஸ்கேன், ஆபரேஷன் தியேட்டர், ராத்திரியிலும் டியூட்டி பார்க்கும் பயிற்சி டாக்டர்கள். உலகத்தின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி 1761-ல் பிரான்ஸின் லியோன் நகரத்தில் தொடங்கியபோதும் காரணம் இதுபோன்ற அவசரம்தான். வெக்கை நோய் ஐரோப்பா முழுக்க மாடுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றுகொண்டிருந்தது. அந்த நோய் உலகத்தை விட்டே ஒழிந்தது என்று அறிவித்தது 2011-ல்.

கல்லூரிக்கு முன்னால், இருக்கும் கால்நடை ஆஸ்பத்திரியை எல்லா வசதியோடும் 24 மணி நேர மருத்துவமனையாக மாற்றலாமே என்று கேட்டால், அதுவும் நியாயமான கேள்விதான். அதற்கு ஐந்தரை வருஷம் காத்திருக்க வேண்டாம். நாளைக்குக் கல்லூரி வந்தால் அந்த ஆஸ்பத்திரியே அஸ்திவாரமாகவும் ஆகும். எனக்கு இந்த வரிசைதான் சரியாகப் படுகிறது.

இப்போதைக்குச் சேர்வது எப்படி?

பெரியப்பாவின் பேத்திக்கு இதுதான் அவசரம். தமிழ்நாட்டு இடங்களுக்கு நீட் தேவையில்லை. பிளஸ் டூ மார்க்தான். உயிரியல் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குக் கட்-ஆஃப் போடுவார்கள். அகில இந்திய ஒதுக்கீடு 15 சதவீதம். அதற்கு மட்டும் நீட் மதிப்பெண். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. 2021-ல் வந்த சட்டம் இது. விண்ணப்பம் முழுக்க ஆன்லைன், பல்கலைக்கழக இணையதளத்தில்.

வேலை? அரசு கால்நடை உதவி மருத்துவர், பால் கூட்டுறவு ஒன்றியம், கோழிப் பண்ணை நிறுவனங்கள், வனவிலங்கு, வங்கி, ராணுவத்தின் கால்நடைப் பிரிவு, சொந்த கிளினிக். பட்டியல் குறைவில்லை.

வேறு மாநிலத்தில் சேரும் எண்ணம் இருந்தால், குறிப்பாகப் புதிதாகத் தொடங்கிய கல்லூரி அல்லது தனியார் கல்லூரி என்றால், பணம் கட்டும் முன்பு மூன்று விஷயங்களைக் கேளுங்கள். இந்த ஆண்டு மாணவர் சேர்க்கைக்கு அனுமதிக் கடிதம் இருக்கிறதா? முதல் பேட்ச் வெளியே வந்துவிட்டதா, அவர்களுக்குப் பதிவு கிடைத்ததா? ஆஸ்பத்திரிக்கு ஒரு நாளைக்கு எத்தனை கேஸ் வருகிறது? முதல் இரண்டுக்கும் பேப்பரில் பதில் இருக்க வேண்டும். மூன்றாவதுக்கு, காலை பத்து மணிக்கு அந்த ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றாலே போதும். மாடும் ஆடும் நாயும் வரிசையில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.